தாகம் பழகிய காடு

மாசி மாதக் கடைசியில் ஆலங்காயத்திலிருந்து காவலூருக்கு பஸ்ஸில் ஏறிவரும் வெளியூர்க்காரர்கள், ஜன்னல் வழியே பார்த்துவிட்டு "காடு காஞ்சு போச்சே" என்று வருத்தப்படுவார்கள். சாலையின் இரு பக்கமும் சாம்பல் நிறத்தில் மொட்டை மரங்கள் நிற்கும். கீழே முழங்கால் அளவுக்குச் சருகு. எங்கோ ஒரு கோங்கு மட்டும் ஓர் இலைகூட இல்லாமல் மஞ்சள் மஞ்சளாகப் பூத்திருக்கும். காடு காய்ந்துபோகவில்லை. ஆயிரமாயிரம் வருஷமாகப் பழகிய வேலையைத்தான் அது அந்த மாதத்தில் செய்துகொண்டிருக்கிறது.

இந்த மலையடிவாரத்துப் பள்ளியொன்றில் நெடுங்காலம் தாவரவியல் நடத்தியவன் நான். தகவமைப்பு என்ற பாடம் வந்தால் புத்தகத்தில் சைபீரியாவின் ஊசியிலை மரங்கள் இருக்கும், பனிக்கரடி இருக்கும், பாலைவனத்துக் கள்ளி இருக்கும். வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே எழும்பி நிற்கிற ஜவ்வாது மலையைப் பற்றி ஒரு வரி இருக்காது. பிள்ளைகளோ அந்த மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள். அவர்களுக்குப் பனி என்றால் மார்கழிக் காலையில் சாமைத் தாளில் நிற்கிற ஈரம். ஆறு மாதம் உறைந்து கிடக்கும் பூமியை அவர்களுக்கு எப்படிச் சொல்வது? நான் ஒரு வழி கண்டேன். வடக்கின் குளிர்காலமும் நம்முடைய கோடையும் மரத்துக்கு ஒரே துன்பம்தான் என்று தொடங்குவேன்.

அது உண்மையும்கூட. பின்லாந்திலோ சைபீரியாவிலோ குளிர்காலத்தில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. காடு முழுக்கத் தண்ணீர்தான். ஆனால் எல்லாம் பனிக்கட்டி. வேரால் பனிக்கட்டியை உறிஞ்ச முடியாது. அதனால் அங்கே மரம் குளிரை மட்டுமல்ல, தாகத்தையும் தாங்க வேண்டியிருக்கிறது. ஸ்ப்ரூஸ், பைன் மரங்கள் இலையை ஊசியாகச் சுருக்கி, மேலே மெழுகு பூசி, இலைத்துளைகளைப் பள்ளத்துக்குள் இறக்கி வைத்துக்கொண்டன. லார்ச் என்ற மரம் ஊசியிலை இனத்தில் பிறந்தும் அந்த ஊசியையும் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கிறது. காவலூரில் தை முதல் சித்திரை வரை வெக்காலியும் தணக்கும் செய்வதும் இதுதான். வருகிற தண்ணீர் நின்றுவிட்டால், போகிற தண்ணீரை நிறுத்து. இலைதான் தண்ணீர் போகும் வாசல். அதைக் கழற்றிப் போடு.

இந்த மலைக்கு இரண்டு பருவத்திலும் மழை உண்டு. ஆனி ஆடியில் தென்மேற்கு கொஞ்சம் எட்டிப் பார்க்கும். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு பெய்யும். தை பிறந்தால் வானம் மூடிக்கொள்ளாது. மரத்துக்குக் கெட்ட காலமான அந்த மாதங்களே வானியலாளர்களுக்கு நல்ல காலம். 1960இல் கொடைக்கானல் வானாய்வகத்துக்கு இயக்குநராக வந்த வைனு பாப்பு, விண்மீன்களைப் பார்க்க அங்கே மேகம் இல்லாத இரவுகள் போதவில்லை என்று தென்னிந்தியாவில் வேறு இடம் தேடினார். தென்வானமும் தெரிய வேண்டும், இரவும் தெளிந்திருக்க வேண்டும். அவர் தேடி வந்து நின்ற இடம், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 725 மீட்டர் உயரத்தில் காட்டுக்குள் கிடந்த காவலூர். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றோடு வேலை தொடங்கியது. 1972இல் ஜெர்மனியின் ஜீஸ் நிறுவனத்து ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச்சில் யுரேனசின் வளையங்கள் வெளிப்பட்டபோது அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1986 ஜனவரி 6 அன்று ராஜீவ் காந்தி திறந்துவைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு பாப்புவின் பெயர்தான். அவர் அதைப் பார்க்காமல் 1982இலேயே மறைந்துவிட்டார்.

இவையெல்லாம் பலரும் எழுதியவை. நான் சொல்ல வந்தது வேறு. ஆய்வகத்துக்கென்று ஒதுக்கிய நூறு ஏக்கர் காட்டில் இரவு வெளிச்சம் கூடாது, புகை கூடாது. வானத்துக்காகப் போட்ட அந்தக் கட்டுப்பாடு கீழே மரத்துக்கும் மானுக்கும் உதவியது. ஜவ்வாது மலையின் பழைய காடு எப்படி இருந்திருக்கும் என்று மாணவர்களுக்குக் காட்ட எனக்கு அந்தச் சுற்றுப்புறம்தான் கைகொடுத்தது.

அங்கே கிளுவையைக் காட்டுவேன். அதன் தாள் போன்ற மேல்தோல் உரிந்து தொங்கும். விலக்கிப் பார்த்தால் உள்ளே பட்டை பச்சையாக இருக்கும். இலை இல்லாத மாதங்களில் அந்தப் பச்சைப் பட்டையே வெயிலை வாங்கிக் கொஞ்சம் உணவு செய்துகொள்கிறது. அதே மாதங்களில் நத்தையைத் தேடச் சொல்வேன். கல்லிடுக்கில் ஒட்டிக்கொண்டு, ஓட்டின் வாயில் காய்ந்த சவ்வு ஒன்றால் கதவு போட்டுக்கொண்டு, மழை வரும்வரை மூச்சை அடக்கிக் கிடக்கும். அலாஸ்காவில் ஒரு காட்டுத் தவளை உடம்பின் பெரும்பகுதி உறைந்துபோய், இதயமும் நின்று, வசந்தத்தில் உருகி எழுந்து தாவுகிறது. உயிரணுக்களுக்குள் சர்க்கரையைச் சேர்த்துவைத்து அது உயிர் தப்புகிறது. நம் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் பலூன் தவளைக்கு உறைவதென்ற கவலை இல்லை. காய்ந்து போகாமல் இருந்தால் போதும்.

கரடியில்தான் வடக்கும் தெற்கும் பிரிகின்றன. வடக்குக் காட்டின் பழுப்புக் கரடி இலையுதிர் காலம் முழுக்கத் தின்று கொழுத்து, குளிர்காலத்தைக் குகைக்குள் படுத்தே கழிக்கிறது. ஜவ்வாது மலைக் கரடி படுப்பதில்லை. கறையான் பன்னிரண்டு மாதமும் புற்றில் இருக்கிறது. நீண்ட நகத்தால் கிளறி, முன்பல் இரண்டு இல்லாத மேல்வாயால் உறிஞ்சிக் கொள்கிறது. காடு மொட்டையாக நிற்கும் மாதங்களில் கொன்றைக் காயும், கோடையில் இலுப்பைப் பூவும், பிறகு நாவலும் அதற்கு. கொன்றை விதை அதன் வயிற்றைக் கடந்து வேறொரு சரிவில் விழுந்து முளைக்கிறது.

வடக்குக் குளிருக்கு இன்னொரு விடை உண்டு: ஊரைவிட்டே போய்விடுவது. புரட்டாசி ஐப்பசியில் பச்சைக் கதிர்க்குருவி காவலூருக்கு வந்துசேரும்.  ஐரோப்பாவின் வடகிழக்கிலிருந்து சைபீரியா வரை, இமயம் வரை உள்ள காடுகளில் பிறந்து, பூச்சி கிடைக்காத மாதங்களை நம் மரங்களில் கழித்துவிட்டு, சித்திரையில் திரும்பிவிடும். சைபீரியக் காட்டின் தகவமைப்பில் ஜவ்வாது மலைக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அவர்கள் கேட்ட கேள்விகளில் எனக்குப் பிடித்தது ஒன்று. "சார், மழை வர்றதுக்கு முன்னாடியே புங்கன் ஏன் துளிர்க்குது?" நல்ல வெயிலில், மண்ணில் ஈரமே இல்லாத பங்குனியில், புங்கனும் வேம்பும் தளதளவென்று துளிர்விடும். வறண்ட காலத்தில் இலையை உதிர்த்து மிச்சம் பிடித்த தண்ணீரை, மழைக்கு முந்தியே இலைக்குச் செலவழிப்பது ஏன்? முதுமலைக் காட்டில் கே. எஸ். முரளியும் ஆர். சுகுமாரும் ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட கட்டுரையில் பதில் இருக்கிறது. முன்கூட்டித் துளிர்த்த மரங்களின் இலையைப் பூச்சிகள் குறைவாகத் தின்றன. மழைக்குப் பிறகு துளிர்த்தவை அதிகம் இழந்தன. புழுப் பூச்சி பெருகும் முன்பே இலையை முற்றவைத்துவிட வேண்டும். அதோடு முதல் மழை விழும் அன்றே வேலைக்குத் தயாராக நிற்கலாம்.

இனி என் கதைக்கு வருகிறேன். தண்ணீர் கிடைப்பது அரிதாக இருக்கும் இடத்தில் மரம் மெல்ல வளர்கிறது. மெல்ல வளர்கிற மரத்துக்கு ஒவ்வொரு இலையும் ஒவ்வொரு விரல்கனம் கட்டையும் அருமை. பறிகொடுத்தால் திரும்பச் செய்ய முடியாது. ஆகவே அது தனக்குக் கசப்பாலும் துவர்ப்பாலும் பிசினாலும் வாசனையாலும் காவல் போட்டுக்கொள்கிறது. மனிதர்கள் காட்டுக்குள் தேடி வந்ததெல்லாம் அந்தக் காவலைத்தான். வடக்கிலும் அப்படியே. பைன் மரம் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எதிராகச் சேர்த்த பிசினை, பின்லாந்து, ஸ்வீடன் விவசாயிகள் குழியிலிட்டு எரித்துத் தாராக இறக்கினார்கள். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவின் பாய்க்கப்பல்கள் அந்தத் தாரைப் பூசிக்கொண்டுதான் கடலில் நின்றன. நம் சென்னைக்கு வந்த கம்பெனிக் கப்பல்களும் அப்படி வந்தவைதான்.

ஜவ்வாது மலையில் முதலில் கடுக்காய். காயைத் தின்ன வருகிறவற்றை விரட்ட மரம் சேர்த்த துவர்ப்பு, தோலைப் பதப்படுத்தும் சரக்கானது. கீழே வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் தோல் ஷாப்புகள் பெருகிய காலத்தில், ஆவாரம்பட்டையில் ஊறிய தோலுக்குக் கடைசியில் கடுக்காய்த் தண்ணீர் காட்டி நிறம் நிறுத்துவார்கள். அப்படிப் பாதி பதமிட்ட சென்னைத் தோல் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்சுக்கு மேல்தோலானது. மலையில் கூடை கூடையாகக் கடுக்காய் பொறுக்கியவர்களுக்கு அது எங்கே போகிறதென்று தெரிந்திருக்க நியாயமில்லை. பிறகு குரோம் பதனீடு வந்தது. கடுக்காய்க்கு இருந்த கிராக்கி இறங்கியது. கடுக்காய் பொறுக்கினால் மரம் சாவதில்லை. அந்த வணிகத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

சந்தனம் அப்படியல்ல.

என் அப்பா திருப்பத்தூரில் அரசு சந்தனக் கிடங்கில் கூலிக்குக் கட்டை செதுக்கியவர். மலையிலிருந்து வந்த மரத்தின் வெளிப்புற வெள்ளையை வாச்சியால் சீவி எடுத்து, உள்ளே இருக்கும் வைரத்தைக் காயம்படாமல் வெளியே கொண்டுவருவதே வேலை. வெள்ளையில் வாசனை கிடையாது. கறையான் விரும்பித் தின்னும். வைரத்தைத் தொடாது. எண்ணெய் முழுக்க அங்கேதான். அதிலும் வேரில் அதிகம். அதனால்தான் சந்தனத்தை யாரும் அடியில் வெட்டுவதில்லை, வேரோடு தோண்டி எடுப்பார்கள். செதுக்கிய கட்டைகளைத் தரம் பிரிப்பார்கள்: விலாயத் புத், சைனா புத், பாஞ்சம் என்று போய், வேர், சில்லு, தூள் வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு வகுப்பு, ஒரு விலை. தரையில் கூட்டிய மரத்தூள்கூடக் கணக்கில் ஏறும். வாசலில் சோதனை போட்டுத்தான் ஆளை விடுவார்கள். ஆனால் அப்பாவின் வேட்டியில் ஏறிவந்த வாசனையை யாரும் பறிமுதல் செய்ய முடியாது. எங்கள் வீட்டில் சந்தனம் என்று ஒரு துண்டும் இருந்ததில்லை. வீடு முழுக்க அந்த வாசனை இருந்தது.

இந்த மரத்தின் குணம் விசித்திரமானது. காடெல்லாம் இலை உதிர்த்து நிற்கும் மாசியில் சந்தனம் மட்டும் பச்சையாக நிற்கும். காரணம் மண்ணுக்கடியில் இருக்கிறது. அதன் வேர் பக்கத்து மரங்களின் வேரைத் தேடிப் போய், சின்ன உறிஞ்சு முடிச்சுகளால் பற்றிக்கொண்டு, தண்ணீரையும் உப்புச்சத்தையும் வாங்கிக்கொள்கிறது. சோற்றைத் தன் இலையிலேயே சமைத்துக்கொள்ளும். தண்ணீருக்கு மட்டும் அண்டை வீடு. முந்நூறுக்கும் மேற்பட்ட செடி, மர வகைகளை இப்படிப் பற்றும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சென்னை அரசாங்கத்தின் தாவரவியலாளராக இருந்த சி. ஏ. பார்பர் அந்த முடிச்சுகளை நுணுக்கமாக ஆராய்ந்து 1906 வாக்கில் எழுதினார். பிற்பாடு கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சியைத் தொடங்கிவைத்த அதே பார்பர்தான். விதையைத் தூவுவது கொண்டைக்குருவியும் குயிலும். கருஞ்சிவப்புப் பழத்தைத் தின்றுவிட்டு முள்புதர் மேல் உட்கார்ந்து எச்சமிடும். ஆடு நுழையாத அந்தப் புதரடியில் கன்று எழும்பும்.

வைரம் உருவாகப் பத்துப் பதினைந்து வருஷமாவது ஆகும். விலை மதிக்கிற அளவுக்கு வர முப்பது, நாற்பது. கொழுத்த மண்ணில் வளர்ந்த மரத்தைவிட, தண்ணீர் நிற்காத கல்லாங்காட்டுச் சரிவில் தவித்து வளர்ந்த மரத்துக்கே வாசனை அதிகம் என்பார்கள் மலைக்காரர்களும் பழைய வனத்துறை ஆட்களும். ஜவ்வாது மலை முழுக்க அப்படிப்பட்ட சரிவுதான்.

1792இல் திப்பு சுல்தான் சந்தனத்தை ராஜ மரமாக அறிவித்தார் என்பார்கள். அதே வருஷம்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையில் இந்தப் பகுதி அடங்கிய பாரமகால் அவரிடமிருந்து கம்பெனிக்குக் கைமாறியது. அதை நிர்வகிக்க வந்த அலெக்சாண்டர் ரீடு தலைமையிடமாக வைத்துக்கொண்ட ஊர் திருப்பத்தூர். ராஜா போனாலும் மரத்தின் மீதிருந்த ராஜ உரிமை போகவில்லை. 1882இல் சென்னை வனச்சட்டம் வந்தது; மலை ஒதுக்குக் காடாக அளக்கப்பட்டது. புனக்காடு வெட்டி, எரித்து, சாமையும் தினையும் விதைத்துவந்த மலையாளிப் பழங்குடி மக்களுக்கு எல்லைக்கல் நட்டுக் காட்டப்பட்டது. தன் கொல்லையில் தானாக முளைத்த சந்தன மரமும் ஒரு குடியானவனுக்குச் சொந்தமில்லை என்ற நிலை நூறு வருஷத்துக்கு மேல் நீடித்தது. இந்த ஒரு ஏற்பாடு சந்தனத்துக்குச் செய்த கெடுதலை எந்த நோயும் செய்யவில்லை என்பது என் தீர்ப்பு. கொல்லையில் சந்தனக் கன்று தலைகாட்டினால், பின்னால் கேஸ் வருமே என்று பயந்து பிடுங்கி எறிந்தவர்களை நான் அறிவேன். குருவி விதைத்ததை மனிதன் பிடுங்கினான்.

நோயும் வந்தது. 1899இல் குடகில் முதன்முதலாகக் கண்டுபிடித்த கூர்நோய், மைசூர் வழியாகச் சேலம் மாவட்டக் காடுகளுக்கும் பரவியது. இலை சிறுத்து, விறைத்து, கிளை முழுக்கக் குச்சி குச்சியாக நிமிர்ந்து, இரண்டு மூன்று வருஷத்தில் மரம் சாகும். வைரஸ் என்று நெடுங்காலம் நினைத்தார்கள். 1969இல்தான் மின்னணு நுண்ணோக்கியில் அதைவிடப் பெரிய, சுவரற்ற நுண்ணுயிர் தெரிந்தது. முதல் உலகப்போரில் ஜெர்மனிக்குச் சந்தனக்கட்டை அனுப்புவது நின்றபோது மைசூர் அரசு 1916இல் பெங்களூரில் சொந்தமாக எண்ணெய் வடிக்கத் தொடங்கியது. கட்டைக்கு உள்நாட்டிலேயே பசி பிறந்தது. விலை ஏற ஏறத் திருட்டு ஏறியது. திருட்டுக்குப் பணம் போட்டவர்கள் கீழே சமவெளியில் இருந்தார்கள்; கோடரியைத் தூக்கியவர்களும் அடி வாங்கியவர்களும் மலைக்காரர்கள்.

அந்த அடி எவ்வளவு கொடுமையாக விழும் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. தருமபுரி மாவட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில், 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று புகுந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊரையே சூறையாடினார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். எங்கள் மலையிலிருக்கும் அதே மலையாளி மக்கள்தான் அவர்களும். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அன்று உயிரோடிருந்த 215 பேரையும் தண்டித்தது. 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது.

ஜவ்வாது மலையில் பெரிய சந்தன மரங்கள் தீர்ந்தபின் கோடரிக்காரர்களைத் தேடி வேறு தரகர்கள் வந்தார்கள்; இந்த முறை ஆந்திராவின் செம்மரத்துக்காக. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப்படை சுட்டுக்கொன்ற 20 தமிழர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். காட்டைத் தெரிந்தவர்கள், மரத்தின் வைரத்தை வெளியிலிருந்தே கணிக்கிறவர்கள். அந்த அறிவுக்கு அவர்கள் ஊரிலேயே ஒரு கௌரவமான கூலி இருந்திருந்தால் யாரும் லாரி ஏறியிருக்க மாட்டார்கள்.

2002இல் தமிழ்நாட்டு வனச்சட்டம் திருத்தப்பட்டது. பட்டா நிலத்துச் சந்தன மரம் இப்போது நிலக்காரருக்கே சொந்தம். வெட்டவும் விற்கவும் வனத்துறையின் அனுமதி வேண்டும். அன்றிலிருந்து அடிவாரத்தில் கன்று நடுகிறவர்கள் கூடிவருகிறார்கள். அவர்களில் பலர் நிலத்தைச் சுத்தமாக உழுது, களையெடுத்து, வரிசை பிடித்துச் சந்தனத்தை மட்டும் நடுகிறார்கள். இரண்டாம் வருஷம் கன்று மஞ்சளித்து நிற்கிறது. உரம் போதவில்லை என்கிறார்கள். உரமல்ல பிரச்சினை, பக்கத்தில் ஆளில்லை.

நடப்போகிறவர்களுக்கு நான் சொல்வது இது. கன்றின் குழியருகிலேயே துவரை விதையுங்கள். முதல் இரண்டு வருஷம் அதன் வேர் தாங்கும். கூடவே புங்கன், வேம்பு, நெல்லி என்று நீடித்து நிற்கும் மரங்களை இடையிடையே வையுங்கள். கோடையில் காடு காயும்போது தோட்டமும் கொஞ்சம் காயட்டும், வாய்க்கால் தண்ணீரைக் கட்டி நிறுத்தாதீர்கள். வரப்போரத்துப் புதரில் தானாக முளைத்த கன்று இருந்தால் அதைப் பிடுங்காதீர்கள். மரத்தைக் கிராமக் கணக்கில் பதிய வையுங்கள்.